தூண்டல்: ஒரு கணித ஆசிரியையின் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோவை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். பம்ப் மோட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளில் சிலவற்றை என் மாணவர்களுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மாணவி ஒருத்தி கணிதத்தில் 91, இயற்பியலில் 88, வேதியியலில் 86 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கட்-ஆஃப் 178 வருகிறது. அவளுடைய அம்மா கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுகிறார். அப்பா லாரி ஓட்டுநர். மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் இருப்பார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகிற முதல் ஆள் அவள்தான். ட்ரிபிள் இ, அதாவது மின்னியல் மற்றும் மின்னணுப் பொறியியல், படிக்க வேண்டும் என்கிறாள். ஆனால் அவளுடைய சித்தப்பா, கரண்ட் வேலை பெண்பிள்ளைக்கு ஒத்துவராது என்கிறார்; படித்தே ஆக வேண்டுமென்றால் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சீட் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். இன்னொரு பக்கம், ஏஐ வந்த பிறகு இன்ஜினியர்களுக்கே வேலை இருக்காது என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேசிக்கொள்கிறார்கள்.

என் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நன்றாகக் கணக்குப் போடும் ஒரு மாணவனை வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசிப் பொறியியலில் சேர்த்துவிட்டேன். மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் ஒன்பது அரியர் விழுந்து, படிப்பை விட்டுவிட்டான். இப்போது கோவையில் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் சிக்னலில் என்னைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி நலம் விசாரித்தான். "நீங்க சொன்னதாலதான் டீச்சர் சேர்ந்தேன்" என்றான். குற்றம் சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. இருந்தும் அன்றிலிருந்து யாரிடமும் "இன்ஜினியரிங் படி" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிள்ளைகளைத் தொழில்நுட்பப் படிப்புக்குத் தூண்டுவது என் வேலையா, அல்லது கணக்கைச் சொல்லிக்கொடுப்பதோடு நான் நின்றுகொள்ள வேண்டுமா?

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் மாணவியைப் பற்றிய கேள்விக்கு அடியில் அந்த மாணவனைப் பற்றிய வருத்தம் இருக்கிறது. அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அவனைப் பொறியியலுக்கு அனுப்பியதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். நன்றாகக் கணக்குப் போடும் பையன் மூன்று செமஸ்டரில் ஒன்பது தாள்களைக் கோட்டைவிட்டான் என்றால், சேர்ந்த பிறகு அவன் பக்கத்தில் யாருமே இல்லாமல் போயிருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். நம் ஊரில் ஊக்குவிப்பு என்பது தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தொடங்கி, கல்லூரியில் சான்றிதழ்களை ஒப்படைக்கும் மாலையில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதங்களில் பள்ளிக்கூடம், உறவினர், பத்திரிகை, வழிகாட்டி நிகழ்ச்சி என எல்லோரும் பிள்ளையோடு பேசுகிறார்கள். செப்டம்பரில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் அவன் ஐம்பதுக்குப் பன்னிரண்டு வாங்கி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது பேசுவதற்கு ஆளில்லை. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள், பள்ளி ஆசிரியரிடம் சொல்ல வெட்கம், கல்லூரி ஆசிரியருக்கோ அறுபது பேரில் அவன் ஒருவன்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு, நுழைவுத் தேர்வு எழுதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் ஆண்டில் பொறியியல் வரைபடம் என்றொரு பாடம் உண்டு, இன்றும் இருக்கிறது. ஓர் அறுகோணப் பட்டகத்தைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் மேலிருந்து பார்க்கும்போது எப்படித் தெரியும், பக்கவாட்டில் எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். நகரத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் வரைபலகையில் டிராஃப்டரைப் பொருத்திக் கோடு இழுக்கத் தொடங்கியபோது, அந்தக் கருவியை எந்தப் பக்கம் திருகிப் பொருத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் நல்லவர்தான், ஆனால் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். முதல் தேர்வில் அந்தத் தாளும் கணிதத் தாளும் போயின. பள்ளியில் கணிதத்தில் முதல் மாணவனாக இருந்த எனக்குக் கணிதத்தில் தோற்றது தாங்க முடியாததாக இருந்தது. ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவெடுத்துப் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அன்றிரவு பக்கத்து அறை சீனியர் ஒருவர், கட்டியிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தம் அறைக்குப் போய், ஒரு புதுக் குளியல் சோப்பும் பிளேடும் தையல் நூலும் கொண்டுவந்தார். சோப்பின் ஓரங்களைச் சீவி அதை ஆறு பக்கப் பட்டகமாக்கி, நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துச் சாய்வாக அறுத்தார். அறுபட்ட மேல்துண்டை எடுத்துவிட்டு, மீதியை என் கண்ணுக்கு நேரே பிடித்து, "இப்போது என்ன தெரிகிறதோ அதை வரை" என்றார். பிறகு அதைத் தரையில் வைத்து, என்னை எழுந்து நின்று மேலிருந்து பார்க்கச் சொல்லி, "இப்போது தெரிவதை வரை" என்றார். ஒரு மாதமாக விளங்காத பாடம் கால்மணி நேரத்தில் விளங்கியது. அந்தப் பருவம் முடிவதற்குள் நாங்கள் ஐந்து சோப்பு வெட்டினோம். அவர் அன்று என் அறைக்குள் வந்திராவிட்டால் இருபத்திரண்டு ஆண்டுகள் மோட்டார் வடிவமைப்பில் நான் வேலை பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவருக்கு இருந்த அறிவு பெரிது என்று சொல்ல மாட்டேன். அவரும் என்னைவிட இரண்டு வயது மூத்த மாணவர்தான். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

கரண்ட் வேலை பெண்பிள்ளைக்கு ஒத்துவராது என்று சொல்லும் சித்தப்பாவுக்கு நீங்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் மின்பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராக வெளியே வந்தவர் ஏ. லலிதா. பதினைந்து வயதில் திருமணமாகி, பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அன்றைய முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே மகள் தனியாக இருக்கிறாள் என்பதைக் கண்ட அந்தத் தந்தை, பெண்களுக்கும் இடம் உண்டு என்று கல்லூரி வெளிப்படையாக அறிவிக்கும்படி செய்தார். அடுத்து லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள். மூவரும் பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. லலிதா பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் பணிகளில் பங்கெடுத்தார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இடம் வாங்கிக் கொடுத்ததோடு அந்தத் தந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. அவர் துணைக்கு ஆள் தேடினார்.

இனி உங்கள் மாணவிக்கு வருகிறேன். காயில் கட்டுபவரின் மகள் ட்ரிபிள் இ கேட்கிறாள் என்று படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று ஃபேஸ் மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரில், கம்பி இறங்கும் பள்ளங்களான ஸ்லாட் 24 இருக்கும், அல்லது 36 இருக்கும். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தாள் செருகி, எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டில் இறங்கிய காயில் எந்த ஸ்லாட்டில் ஏற வேண்டும் என்பதைக் கை பழகிய பெண்கள் எழுதிப் பார்க்காமலே செய்வார்கள். நீர்மூழ்கி மோட்டார் என்றால் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையாலேயே உள்ளே இழுத்து விட வேண்டும். ஒரு சுற்று குறைந்தாலும் சோதனை மேசையில் மூன்று ஃபேஸிலும் மின்னோட்டம் சமமாகக் காட்டாது. கம்பியின் உறை ஓரிடத்தில் நகக்கீறல் அளவுக்கு உரிந்தாலும் கிணற்றுக்குள் போன சில வாரங்களில் மோட்டார் எரிந்து திரும்பி வரும். அம்மா வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்த பெண் இதையெல்லாம் பார்த்திருப்பாள். லீவு நாட்களில் சுற்று எண்ணியும் கொடுத்திருப்பாள்.

ஆனால் அவளிடம் நீங்கள் ஒன்று கேட்டுப் பாருங்கள். பட்டறையில் அந்தப் பொருளுக்கு இண்டக்ஷன் மோட்டார் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அவள் படித்து 88 மதிப்பெண் வாங்கிய பாடத்துக்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். இந்த இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருக்க வாய்ப்புக் குறைவு. எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு மதியம் ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கே திடீரென்று உறைத்தது.

உங்களுக்குக் கணிதம் கைவந்தது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஒரு திசையில் போய் மறு திசையில் திரும்புகிறது; இந்த 50தான் அதிர்வெண். மூன்று ஃபேஸ் காயில்களையும் ஸ்டேட்டரில் உரிய இடைவெளியில் வைத்து மின்சாரம் கொடுத்தால், காந்தப்புலம் சுழலத் தொடங்கும். அதன் வேகம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அறிய, 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு துருவம் என்றால் 3000. நான்கு துருவம் என்றால் 1500. உள்ளே இருக்கும் சுழலும் பகுதியான ரோட்டருக்கு எந்த மின்கம்பியும் போவதில்லை. சுழலும் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டத்தால் ரோட்டர் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அது புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் தூண்டல் நின்றுவிடும், விசையும் போய்விடும். அதனால்தான் அந்த மோட்டாரின் தகட்டில் 3000 என்று ஒருபோதும் இருக்காது. 2880 போன்ற ஓர் எண் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குப் பெயர் நழுவல். இதை அவள் அம்மாவின் பட்டறையில் ஒரு மோட்டாரின் தகட்டைக் காட்டி நீங்கள் சொன்னால், அவளோடு அவளுடைய அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நிச்சயமாக நம்புகிறேன். தினமும் கையால் செய்யும் வேலைக்குள் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைத் தொழில்நுட்பத்துக்குத் தூண்டுவது உங்கள் வேலையா என்று கேட்டீர்களே, இந்த வேலை கணித ஆசிரியரைத் தவிர வேறு யாருடையதாக இருக்க முடியும்?

இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு செய்வதைவிட எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ செய்வது இன்னும் நல்லது. கோவையைச் சுற்றிலும் ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப் சோதனைக்கூடம், கிரைண்டர் செய்யும் இடம் என்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பேருந்து வைத்து வெளியூருக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வதற்குப் பதிலாக ஒருமுறை பிள்ளைகளை அவற்றுள் ஒன்றுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள்.

தொழில்நுட்பம் படித்தால் நல்ல சம்பளம் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லி ஊக்குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் வேண்டும்தான், முதல் தலைமுறைப் பட்டதாரியின் சம்பளம் ஒரு குடும்பத்தையே நிமிர்த்தும் என்பதை என் வீட்டில் பார்த்தவன் நான். அதோடு அந்த வேலை எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. ஒரு 5 குதிரைத்திறன் மோட்டார் தண்டில் கொடுக்கும் திறன் ஏறத்தாழ 3.7 கிலோவாட். மோட்டாரையும் பம்பையும் சற்றே மேம்படுத்தி, அது இழுக்கும் மின்சாரத்தில் 0.3 கிலோவாட் குறைத்தால், நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடும் ஒரு பம்பில் 1.5 யூனிட் மிச்சம். அதை 20 லட்சத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கு 30 லட்சம் யூனிட். இந்தப் பெருக்கலை உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே போடுவார்கள். அந்த 0.3ஐக் குறைப்பது எப்படி என்பதைத்தான் நானும் என் நண்பர்களும் பல ஆண்டுகள் ரோட்டரின் வடிவத்தையும் இரும்புத் தகட்டின் தடிமனையும் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தோம். வீட்டு மின்விசிறியில் இதுபோன்ற தேடல் பலித்துவிட்டது. 75 வாட் இழுத்த விசிறியின் இடத்தில் இன்று சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறி வந்துவிட்டது. கிணற்றடியில் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வேலையும் மிச்சமிருக்கிறது. ட்ரிபிள் இ கேட்கும் ஒரு பெண் இந்த வேலைகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள் என்பதை அவளுக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஏஐ பற்றிய பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். மென்பொருள் எழுதும் வேலையில் ஒரு பகுதியை, குறிப்பாகப் புதிதாகச் சேர்பவர்களிடம் கொடுத்துவந்த எளிய பகுதியை, இயந்திரங்கள் செய்யத் தொடங்கிவிட்டன. இதை மறைத்து ஒரு பிள்ளையைப் படிப்பில் சேர்ப்பது நேர்மையாகாது. 2001இல் டாட்காம் நிறுவனங்கள் சரிந்தபோதும், 2008இன் பொருளாதார நெருக்கடியின்போதும் கணினித் துறை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அது முடியவில்லை, ஆனால் அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் உண்மையிலேயே துன்பப்பட்டார்கள். அதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தத் துன்பத்திலிருந்து மீண்டவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் அடிப்படையை விளங்கிப் படித்தவர்கள். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, மின்னழுத்தக் குறைவால் எரிந்ததா, ஒரு ஃபேஸ் அறுந்ததால் எரிந்ததா, பேரிங் இறுகியதால் எரிந்ததா என்று சொல்லத் தெரிந்தவர் எந்தக் கருவி வந்தாலும் அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார். கேள்வி கேட்டால் பதில் தரும் இயந்திரத்தின் பதில் சரியா, தவறா என்று தீர்மானிக்க அந்த அறிவுதான் வேண்டும். உங்கள் மாணவி நிரலெழுதவும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழி இன்று பொறியியலில் முதல் ஆண்டுப் பாடமாகவே இருக்கிறது.

சித்தப்பா சொல்லும் "தெரிந்த ஒருவர்" விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகச் சொல்கிறேன். மே, ஜூன் மாதங்களில் ஊர் ஊராக வந்து, இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, பிள்ளையின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். சான்றிதழைக் கொடுத்துவிட்டால் கலந்தாய்வுக்குப் போக முடியாமல் பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்ளும். என்ன ஆனாலும் அசல் சான்றிதழ் கைமாறக் கூடாது. அரசின் பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது, தன் மதிப்பெண்ணுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பிள்ளைகள் பயந்து நல்ல கல்லூரிகளைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவளுடைய தரவரிசை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுத வேண்டும். 1945இல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி., 1956இல் தொடங்கிய சி.ஐ.டி. என்று கோவையிலேயே இருக்கின்றன. கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் எழுதுவதற்குச் செலவில்லை.

தனியார் கல்லூரிகளைப் பட்டியலில் சேர்ப்பதானால், விளம்பரத் தட்டியில் உள்ள முகங்களை நம்பாமல், அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். பிறகு ஒரு வேலை நாளில் நேரில் போய் மின்னியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேசையின் மேல் தூசி இருக்கிறதா, மீட்டரின் முள் அசைகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியை வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். பெயரில் புதுமை உள்ள பிரிவைவிட, ஆசிரியர்கள் நிலைத்திருக்கும் பழைய பிரிவு நல்லது என்பது என் துணிபு.

பணத்தைப் பற்றி அந்த வீட்டில் கவலை இருந்தால் நீங்கள் தைரியமாகப் பேசலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2021 முதல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதியுடையவள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதில் கிடைக்காவிட்டாலும் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடச் சொல்லுங்கள். லாரி ஓட்டும் அப்பா ஊரில் இருக்கும் நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கையெழுத்துக்காகக் கடைசி நாளில் அலைந்த குடும்பங்களை நான் அறிவேன்.

அந்த மாணவனை மறந்துவிடாதீர்கள். பைக்கில் உணவு கொண்டுபோவது கண்ணியமான உழைப்பு. அதற்காக அவன் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் கணக்கு வந்த பையனின் கதவு மூடிவிட்டதாக நீங்களோ அவனோ எண்ணக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. இரண்டு ஆண்டில் டிப்ளமோ கிடைக்கும். அதன் பிறகு விரும்பினால் பொறியியலில் மறுபடியும் நேரடி இரண்டாம் ஆண்டு. எங்கள் சோதனைக்கூடத்தில் நான் மதித்த கைகளில் பாதி டிப்ளமோ கைகள். ஒருநாள் அவனை அழைத்துப் பேசுங்கள். "நீங்க சொன்னதாலதான் சேர்ந்தேன்" என்ற வாக்கியத்தில் உங்கள் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

ஜி. டி. நாயுடு என்ன பட்டமா வாங்கினார் என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். கோவையில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்தான். அதே மனிதர்தான் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வர வேண்டும் என்று பாடுபட்டுக் கொடை கொடுத்தார். மேலே நான் சொன்ன 1945ஆம் ஆண்டுக் கல்லூரி அப்படி வந்ததுதான். நான்கு ஆண்டுப் படிப்பு நீளம், இரண்டு ஆண்டே போதும் என்று அவர் அரசோடு வாதாடியதும் உண்டு. படிப்பின் நீளத்தைப் பற்றித்தான் அவருக்கு வழக்கு, படிப்பைப் பற்றி இல்லை.

கடைசியாக, முதல் ஆண்டைப் பற்றி. முதல் ஆண்டுக் கணிதத்தில் ஒரு பகுதி உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் அத்தியாயமான அணிகளின் தொடர்ச்சிதான். அதை உங்களைவிட நன்றாக அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கல்லூரி தொடங்கும் முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, இடப்பக்கத்தில் தூண்டல், மின்தடை, மாறுதிசை மின்னோட்டம் என்று அவளுக்குத் தெரிந்த சொல்லையும், நடுவில் ஆசிரியர் வகுப்பில் சொல்லும் ஆங்கிலச் சொல்லையும், வலப்பக்கத்தில் அவள் அம்மா பட்டறையில் வழங்கும் சொல்லையும் எழுதிவரச் சொல்லுங்கள். வாரத்துக்கு இருபது சொல் போதும். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரம் நீங்களே அவளைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கூப்பிட மாட்டாள்.

வரைபடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் இருப்பது பீளமேட்டில், கணபதி பக்கம்தான். கல்லூரி திறந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு உங்கள் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியர் அனுமதிப்பாரா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பள்ளியிலிருந்து இந்த ஆண்டு பொறியியலுக்கோ பாலிடெக்னிக்கிற்கோ போகிற மற்றப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் வரலாம். அவளும் தனியாக உட்கார வேண்டியிருக்காது. ஒரு டிராஃப்டரும் வரைதாள்களும் என்னிடம் இருக்கின்றன. சோப்பும் பிளேடும் நூலும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்